தோட்டத்து மாதா கோயிலின் வரலாற்றை எழுதுவது எப்படி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த செபராங் பிறையின் பால்மர (ரப்பர்) தோட்டங்களில் எஞ்சியிருக்கும் சிறிய மாதா கோயில் ஒன்றின் வரலாற்றை எழுத முனைபவர், முகப்பில் பொறித்திருக்கும் ஆண்டைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். பலகைக் கோயிலைப் பிரித்துச் செங்கல்லில் கட்டியபோது எழுதிய ஆண்டாக அது இருக்கலாம். அத்தாப்பு ஓலைக் கூரையின்கீழ் நாலு குடும்பங்கள் செபமாலை சொல்லத் தொடங்கிய ஆண்டை யாரும் கல்லில் வெட்டி வைப்பதில்லை.

முதலில் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள். தோட்டத்துக் கோயிலுக்குத் தனிச் சாமியார் இருப்பது அரிது என்பதால், அவ்வப்போது வந்து பூசை வைத்துவிட்டுப் போனவரின் தாய்ப் பங்கில்தான், அதாவது அவர் சார்ந்த பெரிய கோயிலில்தான், அந்தப் பதிவேடு இருக்கும். புக்கிட் மெர்த்தாஜாம் வட்டாரமென்றால் 1846இல் தொடங்கிய புனித அன்னாள் ஆலயத்தில் விசாரிக்கலாம். பழைய பதிவுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். அந்தோணி அங்கே அந்தோனியுஸ் ஆகியிருப்பார். பெயரைவிடத் தோட்டத்தின் பெயரைக் கவனித்து வாருங்கள்: அது அடுத்தடுத்து வரத் தொடங்கும் பக்கமே உங்கள் சபையின் பிறப்பிடம், கட்டடம் பிந்தியதாகவும் இருக்கலாம். பினாங்கு தனி மறைமாவட்டமானது 1955இல்தான். அதற்குமுன், 1888 முதல், மலாக்கா ஆயரின் ஆளுகையில் இருந்தது, அவரோ சிங்கப்பூரில் வீற்றிருந்தார். ஆகவே கடிதங்களுக்குச் சிங்கப்பூருக்கும் எழுத வேண்டும்.

அடுத்தது கட்டடம். கழற்றிய ஓடு ஒன்றைத் திருப்பிப் பார்க்கும்போது பாசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற எண்ணும் தென்பட்டால் துள்ளிக் குதிக்காதீர்கள். அது அந்தக் கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, உங்கள் கூரை வேய்ந்த ஆண்டல்ல. இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். மணியின் விளிம்பில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் எழும்பும், ஆனால் மணி வேறு கோயிலிலிருந்து வந்ததா என்று கேட்ட பிறகே அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்பதில் பயனில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மணி எங்கே இருந்தது, ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது உபதேசியார் யார், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க 1948இல் மலாயாவில் அறிவித்த எமர்ஜென்சியில் திருநாள் நடந்ததா என்று கேளுங்கள்; பதிவேட்டில் 1942க்கும் 1945க்கும் இடையே வெற்றிடம் இருந்தால், அதன் காரணம் அந்தப் பதில்களில் கிடைக்கக்கூடும். எழுதி முடித்ததை அச்சுக்குக் கொடுக்குமுன், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்த பாட்டி ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வேலையாட்களை மேய்த்த கங்காணியின் பெயரையும் கணக்கெழுதிய கிராணியின் பெயரையும் நீங்கள் மாற்றிப் போட்டிருந்தால், பாதியிலேயே நிறுத்திவிடுவார்.