பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பிரிங் வாங்கும் முன்

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிக் காரை நிறுத்துபவர்கள், முன்சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். அது தட்டில் உட்காரும் இடத்தில்தான் உப்பு ஈரம் தங்குகிறது. பெயின்ட் பொரிந்து, நகத்தால் சுரண்டினாலே துரு செதில் செதிலாக உதிர்ந்தால், அந்தக் குழியிலிருந்துதான் ஒருநாள் ஸ்பிரிங் உடையும்.

மாற்றும்போது உயரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கம்பியின் கனம்தான் முக்கியம். கனத்தை அளக்கும் வெர்னியர் கருவி இல்லாமல் நான் கடைக்குப் போவதே இல்லை. மற்ற அளவுகள் மாறாமல் 12 மி.மீ. கம்பி 13 மி.மீ. ஆனாலே விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும். விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதே காரணம். கடலூர் சாலையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பு அதிரும்.

ஒரு சுற்றை வெட்டி வண்டியைத் தாழ்த்தலாம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். வெட்டிய முனை தட்டில் சரியாகப் படியாது.

வண்டியின் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் 1974-இல் ரப்பர் பம்பர் வந்தபோது உயரத்தையும் கூட்டினார்கள். அந்த ரப்பர் பம்பர் வண்டியின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை (பட்டை ஸ்பிரிங்) அதற்கு முந்தைய வண்டியில் போட்டால் வால் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இடமும் வலமும் ஜோடியாகவே மாற்றுங்கள். சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளை, கார் ஜாக்கியில் தொங்கும்போது முறுக்காமல், நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகே இறுக்குங்கள்.