டிஸ்க் இல்லாத லினக்ஸ் கம்ப்யூட்டர்: சர்வர் வாங்கக் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகம். இருபது கம்ப்யூட்டர்கள், எல்லாமே கைமாறி வந்த பழைய பெட்டிகள். பஞ்சுத் தூசியும், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை உள்ள வெட்டும் சேர்ந்து ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் காவு வாங்கிக்கொண்டிருந்தன. சரி, டிஸ்க்கே வேண்டாம், ஒரு சர்வரில் எல்டிஎஸ்பி என்ற மென்பொருளைப் போட்டு இருபதையும் நெட்வொர்க் வழியாக லினக்ஸில் பூட் செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு பெட்டியில் சோதித்தபோது ஜோராக வந்தது. மறுநாள் காலை எட்டரைக்கு இருபது பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினார்கள். எட்டு நாற்பதுக்கு அக்கவுண்ட்ஸ் அக்காவிடமிருந்து போன்: "ஏனுங் தம்பி, டீ குடிச்சுப்போட்டு வந்தும் இன்னும் சுத்தீட்டேதான் இருக்குதுங்."

உடனே நான் செய்த காரியம்தான் முதல் தவறு. புது சர்வருக்குக் கொட்டேஷன் கேட்டேன்.

கொஞ்சம் கணக்குப் போட்டிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். இருபது பெட்டிகளும் படிப்பது ஒரே இமேஜ் கோப்பை, அதாவது மொத்த லினக்ஸையும் கட்டிவைத்த ஒரு கோப்பை. முதல் ஆள் படிக்கும்போது அது சர்வரின் ரேமுக்கு வந்துவிடும். மற்ற பத்தொன்பது பேருக்கும் ரேமிலிருந்தே போகும். ஆகவே சர்வரின் டிஸ்க் அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. கேபிள்தான் விஷயம். டெஸ்க்டாப் வந்து நிற்பதற்குள் ஒரு பெட்டி 300 எம்பி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதுக்கு 6,000 எம்பி. ஜிகாபிட் என்றால் வினாடிக்கு 1,000 மெகாபிட்; எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி. அந்தக் கேபிளில் நிஜத்தில் வினாடிக்கு 110 எம்பி போகும். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். 100 மெகாபிட் என்றால் 11 எம்பிதான், ஒன்பது நிமிடம். அக்கா டீ குடித்துவிட்டு வந்த நேரம்.

சர்வரில், நெட்வொர்க் கார்டின் வேகத்தைக் காட்டும் எத்டூல் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். ஸ்பீடு 100 என்று காட்டியது. கார்டு ஜிகாபிட், எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஜிகாபிட், கேபிளும் ஜிகாபிட் தாங்கும் கேட் 6. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், கடைசிப் பின்னுக்குப் போக வேண்டிய பழுப்புக் கம்பி பாதி வழியிலேயே நின்றிருக்கிறது. பிளக்கைக் கிரிம்ப் செய்து பொருத்தியவர் அவசரத்தில் சரியாகத் தள்ளவில்லை. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நாலில் ஒன்று அறுந்தால் பெரும்பாலான கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், இன்டர்நெட் வரும், யாருக்கும் சந்தேகமே வராது. சில ரூபாய் பிளக்கை மாற்றியதும் சரியாயிற்று. இப்போதெல்லாம் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டி, 940 மெகாபிட் பக்கம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

அடுத்த தவறு, நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் பழைய எளிய முறையான டிஎஃப்டிபியை நம்பி எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றுவது. நெட்வொர்க் பூட்டைத் தொடங்கிவைக்கும் பூட் ரோம் என்ற சிறு நிரல் முதல் கோப்பை எடுக்க அது வேண்டும்தான். ஆனால் அதன் பழைய முறைப்படி 512 பைட் அனுப்பிவிட்டு, "வந்தது" என்று பதில் வந்தால்தான் அடுத்த 512 போகும். 70 எம்பி இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் ரேமில் ஏறும் கோப்புத் தொகுப்பு) என்றால் 1,43,360 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் போய்வர அரை மில்லிசெகண்ட் என்றாலே எழுபது வினாடி ஆகிவிடும், கேபிள் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும். டிஎஃப்டிபியில் ஐபிஎக்ஸ்இ என்ற சின்ன பூட் நிரலை மட்டும் கொடுங்கள். லினக்ஸின் மையமான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் அது, இணையப் பக்கங்கள் வரும் எச்டிடிபி வழியாக எடுத்துக்கொள்ளட்டும். இரண்டொரு வினாடியில் முடிந்துவிடும்.

இனிட்ராம்எஃப்எஸ்ஸைச் சின்னதாக்குகிறேன் என்று, சர்வரின் வன்பொருளுக்குத் தேவையான மாட்யூல்களை (டிரைவர்களை) மட்டும் வைத்துக்கொள்ளும் அமைப்பைப் போடுகிறவர்களும் உண்டு. சர்வரில் இன்டெல் கார்டு, பழைய பெட்டிகளில் ரியல்டெக். டிரைவர் உள்ளேயே இருக்காது. கெர்னல் ஏறியபின் பெட்டி திருதிருவென்று விழிக்கும். இமேஜைப் புதுப்பித்துவிட்டுக் கெர்னலைப் புதுப்பிக்க மறந்தால், இரண்டும் பொருந்தாமல் இதே கதைதான்.

மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது) வைத்திருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகிவிடாமல் காக்கும் ஏற்பாடு) போட்ட போர்ட், இணைப்பு வந்ததும் 15 வினாடி காதுகொடுத்துக் கேட்டு, 15 வினாடி கற்று, அப்புறம்தான் தரவை விடும். பூட் ரோம், ஐபிஎக்ஸ்இ, கெர்னல் என்று மூன்று பேர் மாறி மாறிக் கார்டை எழுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் இணைப்பு விழுந்து எழுந்தால் ஒன்றரை நிமிடம் சும்மா போகும். பல நேரம், பெட்டிக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் டிஎச்சிபியின் பதில் வராமலே பூட் தோற்கும். பெட்டிகள் மாட்டிய போர்ட்களில் மட்டும், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டில் வேண்டாம்.

டிஎச்சிபி என்றதும் நினைவு வருகிறது. இன்டர்நெட் மோடம் ஏற்கெனவே முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். நாமும் ஒரு டிஎச்சிபி போட்டால் யார் முந்துகிறாரோ அவர் பேச்சுதான் எடுபடும். ஒரு நாள் பூட் ஆகும், ஒரு நாள் ஆகாது. டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎச்சிபி மென்பொருளை ப்ராக்ஸி முறையில் வைத்தால் முகவரியை மோடமே கொடுக்கும், பூட் விவரத்தை மட்டும் சர்வர் சொல்லும். பழைய பயாஸ் பெட்டிக்கும், பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள பெட்டிக்கும் பூட் கோப்பு வேறு வேறு. ஐபிஎக்ஸ்இ அசையவே மறுத்தால், கையொப்பமில்லாத பூட் கோப்பைத் தடுக்கும் செக்யூர் பூட்டைப் பாருங்கள்.

இனி பூட் ஆனபின் வரும் இழுவை. ரூட் டைரக்டரியை, அதாவது மொத்த லினக்ஸ் கோப்புகளையும், நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில் அப்படியே திறந்துவிட்டால், டெஸ்க்டாப் வரும்போது திறக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளுக்கும் தனித்தனியாகச் சர்வரைக் கேட்க வேண்டும். கடுகுக்கு ஒரு நடை, சீரகத்துக்கு ஒரு நடை என்று கடைக்கு ஓடுகிற மாதிரி. ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய இமேஜாக ஒரே கோப்பில் கட்டிவைத்தால் கேபிளில் குறைவாகப் போகும், எடுத்தது பெட்டியின் ரேமிலேயே தங்கும். எக்ஸ்இசட் சுருக்கம் வேண்டாம். அதைப் பிரிப்பதற்குள் பழைய பிராசசருக்கு மூச்சு வாங்கும். பிரிக்க எளிதான இசட்ஸ்டாண்டர்ட் சுருக்கம் போதும்.

அதைவிடப் பெரிய இழுவை பிரவுசர். பயனரின் கோப்புகள் உள்ள ஹோம் டைரக்டரி என்எஃப்எஸ்ஸில் இருக்க, ஃபயர்ஃபாக்ஸ் தன் கேஷையும் (பார்த்த பக்கங்களின் தற்காலிகச் சேமிப்பு) அங்கேயே எழுதினால், ஒவ்வொரு பக்கமும் சர்வருக்கு இரண்டாம் பயணம். கேஷை டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு, அதாவது ரேமுக்கு, மாற்றுங்கள். 4 ஜிபி பெட்டியில் ரேம் நெருக்கினால், தரவை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் போடலாம். ரேம் போதாதபோது தரவைத் தள்ளிவைக்கும் ஸ்வாப்பை மட்டும் நெட்வொர்க்கில் வைக்காதீர்கள். ரேம் திணறும் நேரத்தில் கேபிளையும் அடைத்துவிடும். தானாக ஓடும் அப்டேட், கோப்புப் பட்டியல் எடுக்கும் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைகளை இமேஜிலேயே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் இருபதும் ஒரே நேரத்தில் கிளம்பும்.

கடைசியாக, கரண்ட். அந்த அலுவலகத்தில் அதற்குள் சர்வருக்கு யூபிஎஸ், பெட்டிகளுக்கு யூபிஎஸ் வந்திருந்தன, நடுவில் சுவரில் தொங்கிய நெட்வொர்க் ஸ்விட்சுக்கு மட்டும் இல்லை. கரண்ட் போனால் எல்லாத் திரையும் எரிந்துகொண்டே உறையும். அதைப் பார்த்த ஒருவர், உறையக் கூடாது என்று என்எஃப்எஸ் மவுன்ட்டை (சர்வரோடு உள்ள கோப்பு இணைப்பை) சாஃப்ட், அதாவது பதில் வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் பிழை சொல்லிக் கைவிடும் முறை, என்று மாற்றிவைத்தார். அதற்குப் பிறகு ஸ்விட்ச் திரும்பி வந்தாலும் புரோகிராம்கள் பிழை காட்டிச் சாகத் தொடங்கின. ஹார்ட் என்றே விட்டால் காத்திருந்து, ஸ்விட்ச் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மவுன்ட்டைப் பழையபடி மாற்றிவிட்டு, சர்வரின் யூபிஎஸ்ஸிலிருந்தே ஸ்விட்சுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தேன்.