புளூடூத் வழியே கோப்பு போகவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

தைப்பூசம் முடிந்த மறுவாரம், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் என் அத்தை, பத்துமலையில் நான் கேமராவில் எடுத்த படங்களைத் தம் கைப்பேசியில் ஏற்றித் தரும்படி கேட்டார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படங்கள் சுருக்கப்பட்டுவிடுவதால், பெரிதாக்கிப் பார்க்கும்போது காவடியின் மயிலிறகுகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிகின்றன என்பது அவருடைய குறை. அது நியாயமான குறைதான். கேபிளை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்ததால், மடிக்கணினியிலிருந்து புளூடூத் வழியாக அனுப்பத் தொடங்கினேன். முதல் முறை ஏழாவது படத்தில் நின்றது. இரண்டாம் முறை மூன்றாவது படத்திலேயே நின்றது. "உன் கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சுப்பா" என்று அத்தை சொல்லிவிட்டார். உண்மையான காரணம் மேசைமேலேயே இருந்தது. அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

புளூடூத் அனுப்புதல் தோற்கும்போது திரையில் தோன்றும் செய்தி பெரும்பாலும் நமக்கு உதவுவதில்லை. 'கோப்பு அனுப்பப்படவில்லை' என்ற ஒரே பொருளுடைய வாசகத்தையே பத்து விதமான கோளாறுகளுக்கும் கணினி காட்டும். ஆகவே செய்தியைப் படிப்பதைவிட, எந்தக் கட்டத்தில் தோற்கிறது என்பதைக் கவனிப்பதே பயன் தரும்: இரண்டு கருவிகளும் இணையவே மறுக்கின்றனவா, இணைந்த பிறகு கோப்பு ஒரு விழுக்காடுகூட நகரவில்லையா, பாதி வழியில் நிற்கிறதா, அல்லது முடிந்ததாகச் சொல்லியும் கோப்பைக் காணவில்லையா? இந்த விளக்கம் விண்டோஸ் 11 உள்ள கணினியையும் ஆண்ட்ராய்டு கைப்பேசியையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது. கைப்பேசி நிறுவனத்துக்கு ஏற்பப் பட்டியல்களின் பெயர் சற்று மாறலாம்.

படி 1: தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

பெறுவது ஐஃபோனாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஐஃபோன் தன் புளூடூத்தைக் காதொலிக் கருவிகளுக்கும் கைக்கடிகாரத்துக்கும் இவை போன்றவற்றுக்கும் பயன்படுத்துமேயன்றி, விண்டோஸ் கணினி இம்முறையில் அனுப்பும் கோப்பை ஏற்காது. அது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி.

அடுத்து, கைப்பேசியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் அடுத்து, கொஞ்சம் கணக்குப் போடுங்கள். கோப்பு அனுப்பப் பயன்படும் பழைய வகைப் புளூடூத்தின் உச்ச வேகம், ஏட்டளவில், விநாடிக்கு 3 மெகாபிட், அதாவது ஏறக்குறைய 375 கிலோபைட். நடைமுறையில் விநாடிக்கு 200 கிலோபைட் கிடைத்தாலே நல்ல நிலைமை. கேமராவில் எடுத்த 6 மெகாபைட் படம் ஒன்றுக்கு அரை நிமிடம் ஆகும். அத்தைக்கு நான் அனுப்ப வேண்டிய 214 படங்களுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். லோ யாட் பிளாசாவில் புதுக் கைப்பேசி வாங்கும்போது பெட்டியில் 'புளூடூத் 5.3' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, இனிமேல் கோப்புகள் பறக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஐந்தாம் பதிப்பில் சொல்லப்படும் வேகக் கூடுதல் குறைந்த மின்சக்தியில் இயங்கும் தனி வகைப் புளூடூத்துக்கு உரியது. நாம் கோப்பு அனுப்பும் வழிக்கு அதனால் பயனில்லை. எனவே மெதுவாகப் போவதைக் கோளாறு என்று எண்ணி நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

படி 2: இணையவே மறுத்தால்

கைப்பேசியில் புளூடூத் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருங்கள். புளூடூத்தை இயக்கிவிட்டால் மட்டும் போதாது. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதுதான் புதிய கருவிகளின் கண்ணுக்குப் படும். பிறகு கணினியில் செட்டிங்ஸ் சென்று, 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்பதில் 'ஆட் டிவைஸ்' என்பதை அழுத்துங்கள். கைப்பேசியின் பெயர் தோன்றியதும் அதைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு திரைகளிலும் ஓர் ஆறிலக்க எண் வரும். இரண்டும் ஒன்றே என்று சரிபார்த்து, இரண்டு பக்கமும் சம்மதம் கொடுங்கள். கைப்பேசியில் மட்டும் அழுத்திவிட்டுக் கணினியில் அழுத்த மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

முன்பு நன்றாக இணைந்த கருவிகள் இப்போது மறுத்தால், காரணம் பெரும்பாலும் பழைய சாவிதான். முதன்முறை இணையும்போது இரண்டு கருவிகளும் ஒரு இரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு நகலைச் சேமித்துக்கொள்கின்றன. கைப்பேசியை முழுமையாக அழித்துப் புதுப்பித்தாலோ, ஒரு பக்கத்தில் மட்டும் இணைப்பை நீக்கினாலோ, ஒன்றிடம் சாவி இருக்கும், மற்றதிடம் இருக்காது. கணினியிலும் நீக்குங்கள், கைப்பேசியிலும் நீக்குங்கள். இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, புதிதாக இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நீக்குவதால் சிக்கல் தீராது.

படி 3: இணைந்தும் கோப்பு நகராவிட்டால்

கணினித் திரையின் கீழ்ப்பட்டையில், வலது ஓரத்து அம்புக்குறியை அழுத்தினால் புளூடூத் சின்னம் தெரியும். அதன்மேல் வலது சொடுக்கு செய்து 'செண்ட் எ ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியின் பெயரையும் கோப்பையும் காட்டுங்கள். இந்த நொடியில் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வரும். இணைப்புக்குச் சம்மதம் கொடுத்தது வேறு, கோப்பைப் பெறச் சம்மதம் கொடுப்பது வேறு. அறிவிப்பைத் திறந்து 'அக்செப்ட்' அழுத்தினால்தான் கோப்பு நகரும். கைப்பேசி அதிக நேரம் காத்திருக்காது. திரை பூட்டியிருந்தாலோ, தொந்தரவு செய்யாதே என்ற நிலையில் இருந்தாலோ, அறிவிப்பு வந்ததே தெரியாமல் காலம் கடந்து, கணினியில் தோல்விச் செய்தி மட்டும் வரும். அத்தை போன்றவர்களின் கைப்பேசியில் நூறு அறிவிப்புகள் அடுக்கிக் கிடப்பதால், இதுவும் அவற்றுள் ஒன்றாகப் புதைந்துவிடுகிறது. ஆகையால் அனுப்புவதற்கு முன் கைப்பேசியைத் திறந்து கையில் வைத்திருங்கள்.

எதிர்த்திசையிலும் இதே விதிதான். கைப்பேசியிலிருந்து கணினிக்கு அனுப்புவதானால், முதலில் கணினியில் 'ரிசீவ் எ ஃபைல்' என்பதை அழுத்தி, காத்திருக்கும் சாளரம் தோன்றிய பிறகே கைப்பேசியில் பகிர வேண்டும். வரிசையை மாற்றினால் ஒவ்வொரு முறையும் தோற்கும்.

படி 4: சில கோப்புகள் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டால்

படம் போகிறது, பிடிஎஃப் போகிறது, ஆனால் குறிப்பிட்ட ஒரு கோப்பு மட்டும் நொடியில் மறுக்கப்படுகிறது என்றால், கோப்பின் வகையைப் பாருங்கள். ஆண்ட்ராய்டின் புளூடூத் பெறும் பகுதி, தான் ஏற்கும் வகைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. படம், ஒலி, காணொளி, பொதுவான ஆவணங்கள் ஆகியவை அதில் உண்டு. செயலிகளை நிறுவும் ஏபிகே கோப்பு போன்றவற்றைப் பல கைப்பேசிகள் தடுத்துவிடும். பெயரின் இறுதியில் வகையைக் காட்டும் பின்னொட்டு இல்லாத கோப்பும் திரும்பி வரலாம். அப்படிப்பட்ட கோப்பைக் கணினியில் ஜிப் ஆகச் சுருக்கி அனுப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

படி 5: பாதியில் நின்றால்

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அந்தப் பகுதியை 79 தடங்களாகப் பிரித்து, விநாடிக்கு 1,600 முறை தடம் மாறி மாறித் தாவிக்கொண்டே தகவலை அனுப்பும். ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால் அதைத் தவிர்த்து மற்றவற்றில் ஓடும் திறமையும் அதற்கு உண்டு. ஆனால் எல்லாத் தடங்களிலும் இரைச்சல் இருந்தால் எங்கே தாவுவது? வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துகிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான் விழுகிறது. கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடுகளில் வைஃபைப் பட்டியலைத் திறந்தால், மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு என்று இருபது பெயர்கள் வரிசையாக நிற்கும். போதாக்குறைக்கு, பல மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லிலும் ஒரே ஆன்டெனாவிலும் ஒண்டிக் குடித்தனம் நடத்துகின்றன.

அத்தை வீட்டிலும் வைஃபைமேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அணைத்துப் பார்த்தேன்; சற்று முன்னேறிற்றே தவிர, மறுபடியும் நின்றது. பிறகுதான் கவனித்தேன்: படங்கள் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தன, நான் அவற்றை அங்கிருந்தே நேராக அனுப்பிக்கொண்டிருந்தேன். அது யூஎஸ்பி 3.0 வகை. அந்த வகைக் கருவியும் அதன் கேபிளும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சலைக் கக்கும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் ஓர் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் டிஸ்கிலிருந்து படிக்கும் வேளையில், பக்கத்திலேயே புளூடூத்தின் காதில் கத்திக்கொண்டிருந்தது அந்த டிஸ்க். படங்களைக் கணினிக்குள் நகலெடுத்து, டிஸ்கைக் கழற்றி வைத்த பிறகு, தொடர்ந்து முப்பது படங்கள் நிற்காமல் போயின.

ஆகவே பாதியில் நிற்கும் கோளாறுக்கு இந்த வரிசையில் முயலுங்கள். கோப்பைக் கணினிக்குள் நகலெடுத்து, யூஎஸ்பி டிஸ்க்கையும், பல கருவிகளைச் செருக உதவும் யூஎஸ்பி ஹப்பையும் கழற்றுங்கள். கைப்பேசியோடு இணைந்துள்ள காதொலிக் கருவியையும் கைக்கடிகாரத்தையும் சற்று நேரம் துண்டித்து வையுங்கள். இரண்டு கருவிகளிலும் வைஃபையை அணையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றுங்கள். இரண்டையும் ஒரே மேசையில், ஒரு முழத்துக்குள் வையுங்கள். பத்து மீட்டர் வரை எட்டும் என்பது திறந்தவெளிக் கணக்கு, கான்கிரீட் சுவருக்கோ நம் உடம்புக்கோ அது பொருந்தாது. கணினி உறங்கிவிட்டால் அனுப்புதலும் அறுந்துபோகும் என்பதால், பவர் அமைப்பில் உறக்க நேரத்தை 'நெவர்' என்று மாற்றி, மின்சாரத்தில் செருகி வையுங்கள். கைப்பேசியின் பேட்டரி சேமிப்பு நிலையையும் நீக்குங்கள். ஒரே மூச்சில் இருநூறு படங்களை அனுப்பாமல் இருபது இருபதாக அனுப்பினால், நின்றாலும் எங்கிருந்து மீண்டும் தொடங்குவது என்று தெரியும்.

படி 6: போய்ச் சேர்ந்தும் காணவில்லை என்றால்

கைப்பேசியின் கோப்புச் செயலியைத் திறந்து, உள்சேமிப்பில் 'டவுன்லோட்' அல்லது 'புளூடூத்' என்ற பெயருள்ள கோப்புறையைப் பாருங்கள். படத்தொகுப்புச் செயலியின் முதல் பக்கத்தில் அவை தோன்றாமல், தனி ஆல்பமாக ஒதுங்கியிருப்பதும் உண்டு.

படி 7: எதற்கும் மசியாவிட்டால்

கணினியில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'புளூடூத் சப்போர்ட் சர்வீஸ்' என்பதை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புளூடூத் டிரைவரை, அதாவது புளூடூத்தை இயக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள். கைப்பேசியில், ரீசெட் பகுதியில், வைஃபை மற்றும் புளூடூத் அமைப்புகளை மட்டும் மீட்டமைக்கும் வசதி உண்டு. அது படங்களைத் தொடாது, ஆனால் சேமித்த வைஃபைக் கடவுச்சொற்களையும் இணைந்த கருவிகளையும் அழித்துவிடும் என்பதால், வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

என் எண்ணத்தில், 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட எதற்கும் புளூடூத்தோடு மல்லுக்கு நிற்பது வீண். கூகுளின் குயிக் ஷேர் செயலியைக் கணினியிலும் நிறுவினால், அது கருவியைத் தேடுவதற்கு மட்டும் புளூடூத்தைப் பயன்படுத்திவிட்டுக் கோப்பை வைஃபை வழியே அனுப்பிவிடும். வாட்ஸ்அப்பிலும் படத்தை 'டாக்குமெண்ட்' என்று இணைத்தால் சுருங்காமல் போகும். இதை அத்தையிடம் முன்பே சொல்லியிருக்கலாம். மீதிப் படங்களை மறுநாள் கேபிளில்தான் ஏற்றினேன். கேபிளைச் செருகியதும் கைப்பேசி வெறும் சார்ஜ் நிலையில்தான் இருக்கும். அறிவிப்புப் பட்டையை இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால்தான் கணினியில் அதன் கோப்புறைகள் திறக்கும்.