நகப்பூச்சால் இலைத்துளை பார்க்கும் பாடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரப் பள்ளிகளில் உயிரியல் நடத்துபவர்களுக்கு, இலைத்துளைகளை (இலை காற்றை வாங்கி விடும் நுண்துளைகளை) காட்ட மா இலையும் கரும்புத் தோகையும் தேடி அலைய வேண்டிய பொருள்கள் அல்ல. 1860 முதல் இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்த நம் முன்னோர் இங்கே வெட்டிய அதே கரும்புதான். பிள்ளைகளிடம் அதைச் சொல்லித் தொடங்குங்கள், கவனம் தானாக வரும்.

இலையின் அடிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, நிறமற்ற நகப்பூச்சை ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்கு மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு பூசுங்கள். 10 முதல் 15 நிமிடம் காயட்டும். கோடையின் ஈரக்காற்றில் இன்னும் நேரம் பிடிக்கும். சன்னல்களைத் திறந்து வையுங்கள், நெடி தலைவலி தரும். பிறகு ஒட்டும் டேப்பை அழுத்தி, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். நுண்ணோக்கியில் 100 மடங்கில் இடம் தேடி, 400 மடங்கில் பாருங்கள்.

மா இலையில் காப்பு செல்கள் (துளையைத் திறந்து மூடும் இரு செல்கள்) அவரை விதைபோல் வளைந்து, நடுவே சிறு பிளவோடு நிற்கும். கரும்பு புல்லினம் என்பதால் டம்பெல் வடிவில், வரிசை வரிசையாக இருக்கும்.

படம் மங்கினால் பூச்சு தடித்துவிட்டது. வெண்மை படர்ந்தால் இலையில் ஈரம் இருந்தது. ரோமமுள்ள இலை வேண்டாம், படலம் கிழியும்.

அடுத்து எண்ணுதல். 400 மடங்கில் பார்வைப்புலத்தின் (நுண்ணோக்கியில் தெரியும் வட்டத்தின்) விட்டம் 0.45 மி.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 0.16 சதுர மி.மீ. ஐந்து இடங்களில் துளைகளை எண்ணிச் சராசரியை 0.16ஆல் வகுக்கச் சொல்லுங்கள், ஒரு சதுர மி.மீ.க்கு எத்தனை துளை என்பது கிடைக்கும்.

மா இலையின் மேற்பக்கத்தையும் ஒரு குழுவிடம் கொடுங்கள். துளையே தென்படாது. தாங்கள் தவறு செய்துவிட்டதாகப் பிள்ளைகள் அழிக்கப் போவார்கள். தடுத்து, ‘பூஜ்யம்’ என்றே எழுத வையுங்கள்.