தேயிலைத் தோட்டப் பாதையில் சைக்கிள்: எதிரே காட்டுமாடோ பாம்போ வந்தால்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மண்பாதையில் புதிதாக சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்கு இது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. தோட்டத்துப் பாதை என்றாலும் உரியவர்களிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

முதலில் நேரம். நன்றாக விடிந்தபின் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். கரடியும் சிறுத்தையும் நடமாடும் வேளையில் நமக்கு அங்கே வேலை இல்லை. வழியில் கொழுந்து பறிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 'மேலே காட்டுமாடு நிக்குது' என்றால் அன்றைக்கு வேறு பாதை.

அடுத்து வளைவுகள். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, அதுதான் ஆபத்து. நாம் வருவது தெரியாமல் மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கின் பக்கத்திலேயே போய் நின்றுவிடுவோம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து மணி அடியுங்கள். ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

சரி, காட்டுமாடு நிற்கிறது. வளர்ந்த கடா ஒரு டன் எடையை நெருங்கும். பக்கவாட்டில் நுழைந்து போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கூட்டமாகக் கடந்தால் கடைசிக் கன்றும் போகும்வரை காத்திருங்கள். தனியாக நிற்கும் கடாவிடம் இன்னும் அதிகமாக விலகுங்கள். கரடிக்கும் இதே முறைதான், ஓடக் கூடாது. குஞ்சப்பனை பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை வரும். சூடு ஆறாத சாணமோ கிளை முறியும் சத்தமோ போதும், எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுங்கள்.

பாம்புகளில் பெரும்பாலானவை தாமே விலகிவிடும். குழிவிரியன் அப்படியல்ல, சருகோடு சருகாக அசையாமல் கிடக்கும். அதனால் சருகுக் குவியலிலும் விழுந்த மரத்தடியிலும் பார்க்காமல் காலோ கையோ வைக்காதீர்கள். பஞ்சர் ஒட்ட உட்காரும்போதுதான் இது மறந்துபோகும்! பாதையில் பாம்பு கிடந்தால் தள்ளி நின்று வழிவிடுங்கள், குச்சியால் சீண்ட வேண்டாம்.

கடித்துவிட்டால் மோதிரம், வாட்ச்சைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108-க்கு அழையுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. குழிவிரியன் அதில் இல்லை. அதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வீக்கத்தையும் ரத்தம் உறைவதையும் மருத்துவமனையில்தான் கண்காணிக்க முடியும்.