வெயிலில் ஒரு பேய்ச் சுற்றுலா: தனுஷ்கோடிக்கு மூன்று நாள் திட்டம்

எங்கள் அப்பத்தா ராத்திரியைக் காட்டி எங்களை அவ்வளவாகப் பயமுறுத்தியதில்லை. அவர் பயந்ததெல்லாம் உச்சி வேளைக்குத்தான். "பன்னெண்டு மணி வெயில்ல புளியமரத்துப் பக்கம் போகாத, முனி அடிச்சிரும்" என்பார். இருட்டு, பனி, பழைய பங்களா, ஊளையிடும் நாய் என்று சினிமா காட்டும் பேய் வேறு. நம் ஊர்ப் பேய்க்கு நடுப்பகலிலும் டியூட்டி உண்டு. அதனால் கடற்கரை, வெயில், பொரித்த மீன் இவற்றோடு கொஞ்சம் பேய்க்கதையும் சேர்த்து ஒரு விடுமுறை போட்டால் அதில் முரண் எதுவும் இல்லை.

இப்படி ஒரு பயணத்தை முதல் தடவை போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர் தனுஷ்கோடி. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை நன்றாகச் சொதப்பினேன், அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

படி 1: இடத்தை வடிகட்டுங்கள்

யூடியூபில் 'திகில் இடங்கள்' என்று தேடினால் நூறு ஊர் வந்து விழும். மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே நிஜமாகவே ஏதாவது நடந்திருக்கிறதா? பகலில் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? சட்டப்படி உள்ளே போகலாமா? மூன்றாவது கேள்வியில்தான் பல இடங்கள் அடிபடும். பூட்டிய பங்களாவின் சுவரேறிக் குதிப்பது சுற்றுலாவில் சேராது, கேஸ் ஆகும்.

ராஜஸ்தானில் பாங்கர் கோட்டை வாசலில் தொல்லியல் துறையின் பலகை ஒன்று இருக்கிறது. சூரியன் உதிப்பதற்கு முன்பும் மறைந்த பின்பும் உள்ளே வரக்கூடாது என்று போட்டிருக்கும். "கவர்மென்டே பேய் இருக்குன்னு ஒத்துக்கிச்சு" என்று அந்தப் பலகையைப் படம்பிடித்துப் போடாத சேனல் இல்லை. தொல்லியல் துறை பராமரிக்கும் எத்தனையோ இடங்களை மாலையானால் மூடத்தான் செய்கிறார்கள். ஒரு பலகையைப் பார்த்தால், இதை எதற்காக வைத்திருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கும் பழக்கம் இருந்தால் போதும், பாதிப் பேய் அங்கேயே கழன்றுவிடும்.

தனுஷ்கோடி மூன்று கேள்விக்கும் தேறுகிறது. தார் ரோடு இருக்கிறது, பஸ் போகிறது, வெயிலுக்கோ பஞ்சமே இல்லை.

படி 2: கதையை மூன்று பக்கமாகப் பிரியுங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள்: நடந்தது, ஊரில் சொல்வது, யாரோ ஒட்டவைத்தது. இதைச் செய்யாமல் போனால் அங்கே உடைந்த சுவரைத் தவிர எதுவும் கண்ணில் படாது. என் முதல் பயணம் அப்படித்தான் ஆனது.

'நடந்தது' பக்கத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு வரவேண்டும். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதன்பின் எழும்பூரில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறி தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போகலாம். ஒரே டிக்கெட். போட் மெயில் என்று பேர் வந்தது அதனால்தான். ஆக, தனுஷ்கோடி ஒரு மீனவக் குப்பம் மட்டும் அல்ல. ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்த துறைமுக ஊர்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் கரையேறியது. பாம்பனிலிருந்து 11.55-க்குக் கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்தபோது அலை வந்து அதை அப்படியே வாரிக்கொண்டு போனது. உள்ளே 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் மொத்தம் சுமார் 1,800 பேர் இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. குடியிருக்க லாயக்கில்லாத ஊர் என்று அன்றைய சென்னை மாநில அரசு அறிவித்துவிட்டது. ராமேஸ்வரத்தோடு தண்டவாளம் நின்றுபோனது.

இப்போது மூன்றாவது பக்கத்துக்கு வருவோம். ஆளில்லாமல் போன ஊரை ஆங்கிலத்தில் 'கோஸ்ட் டவுன்' என்பார்கள். அங்கே பேய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அதை யாரோ அப்படியே 'பேய் நகரம்' என்று தமிழாக்க, ஊருக்குப் பேய் வந்து சேர்ந்துவிட்டது. நம்மிடம் 'பாழூர்' என்று ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. தம்ப்நெயிலில் பாழூர் என்று போட்டால் யாரும் கிளிக் பண்ண மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

நடுப்பக்கம்தான் சுவாரஸ்யம். ராத்திரியில் ரயில் கூவும் சத்தம், மணல்மேட்டில் நகரும் விளக்கு, பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் என்று நானே பல கேட்டிருக்கிறேன். நம்பவும் வேண்டாம், சண்டைக்குப் போகவும் வேண்டாம். எழுதிவைத்து, சொன்னவர் தானே கேட்டாரா, கேட்டவர் சொல்லிக் கேட்டாரா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் "எங்க மாமாவோட ஃபிரெண்டு" என்ற ஒருவரிடம் போய் நிற்கும். அந்த ஃபிரெண்டு எந்த ஊரிலும் கையில் சிக்கமாட்டார்.

படி 3: மாதம்

ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலமும் அதுவே. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும். ஜனவரியில் போனால் பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு.

நான் முதலில் போனது மே மாதம். அக்கா மகனையும் கூட்டிப்போயிருந்தேன், ஒன்பது வயது. கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். பன்னிரண்டு மணிக்குப் பையனுக்குத் தலை சுற்றி, வாந்தி வந்து, என்னவோ உளற ஆரம்பித்துவிட்டான். மீன் கடைக்காரர் ஒருவர் தன் பந்தலுக்குள் படுக்கவைத்து, தலையை நனைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்துத் தேற்றினார். ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்கும் போய்க் காட்டிவிட்டுத்தான் அறைக்குத் திரும்பினோம். போனில் விஷயத்தைக் கேட்ட அத்தை சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "முனிதான்." அப்பத்தாவின் உச்சி வேளை எச்சரிக்கை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. முனி அடித்தால் என்னென்ன வரும் என்று சொல்வார்களோ, அத்தனையும் வெயில் அடித்தாலும் வருகிறது.

படி 4: ரயிலும் அறையும்

தனுஷ்கோடியில் தங்க இடம் கிடையாது. சாயங்காலத்துக்கு மேல் போலீஸ் யாரையும் அங்கே விட்டுவைப்பதும் இல்லை. அறையை ராமேஸ்வரத்தில் போடுங்கள், விடுமுறை நாட்களையும் அமாவாசையையும் தவிர்த்துவிட்டுப் போடுங்கள். முக்கியமாக ஆடி, தை அமாவாசைகளில் கூட்டம் நெரியும். சென்னையிலிருந்து நேரடி ரயில் உண்டு. விமானம்தான் வேண்டும் என்றால் மதுரையில் இறங்கி, மேலும் சுமார் 170 கிலோமீட்டர் ரோட்டில் வரவேண்டும்.

என் ஓட்டு ரயிலுக்குத்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்து போகும்போது, பழைய பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1964 புயலில் அதன் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பித்தது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் 46 நாளில் அதை மறுபடி ஓடவைத்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டினாரே, அதே ஸ்ரீதரன்.

படி 5: பை

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்பு-சர்க்கரைப் பொட்டலம், பருத்தி முழுக்கைச் சட்டை, சில்லறைப் பணம். செருப்பைவிட ஷூ நல்லது, பத்து மணிக்கு மேல் மணல் சுடும். டார்ச், பேய் கண்டுபிடிக்கும் செயலி எதுவும் வேண்டாம். போனில் ரோமிங்கை மட்டும் அணைத்துவையுங்கள். என் போன், தனுஷ்கோடி ரோடு முடியும் அரிச்சல்முனையில், இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு 'ஸ்ரீலங்காவுக்கு நல்வரவு' என்றது. அந்த நிமிஷம் மட்டும் எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

படி 6: மூன்று நாள்

முதல் நாள் சாயங்காலம் பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று வாங்குவதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்தான் விஷயம். காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். பஸ்ஸோ ஆட்டோவோ, இருபது கிலோமீட்டருக்குள்தான். வழியில் கோதண்டராமர் கோயில் வரும், 1964 புயலுக்குத் தப்பி நின்ற கட்டடம். அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், வெயில் ஏறுவதற்குள் இடிபாடுகளுக்குப் போய்விடுங்கள்.

தேவாலயத்தில் நேரத்தைச் செலவிடுங்கள். கூரை இல்லை, சுவர்கள் மட்டும். படம் எடுப்பதற்கு முன் சுவருக்குப் பக்கத்தில் போய், ஒரு சாண் தூரத்தில் நின்று பாருங்கள். செங்கல் என்று நாம் தூரத்திலிருந்து நினைப்பது பல இடங்களில் பவளக் கல். மேலே பூசிய சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் சின்னச் சின்ன நட்சத்திரம் போலக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்த வீடு. கடலிலிருந்து எடுத்துக் கட்டியதைக் கடல் திரும்ப வந்து கேட்டிருக்கிறது என்று என் நோட்டில் எழுதிவைத்தேன். ஆர்வத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துப் பையில் போட்டுவிடாதீர்கள். பவளத்துக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பிடித்தால் அது முனியைவிடப் பலமாக அடிக்கும்.

உச்சி வேளையை ஒரு தடவையாவது அங்கே அனுபவியுங்கள். பந்தல் நிழலில், தண்ணீரோடு, குழந்தைகள் இருந்தால் பத்தே நிமிஷம். நிழல் காலடியில் சுருண்டுவிடும், வேன்காரர்கள்கூடக் கண்ணயர்ந்துவிடுவார்கள். அப்போதுதான் இரண்டு கடலும் இரண்டு விதமாகச் சத்தம் போடுவது கேட்கும். வடக்கே அமைதியாக இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இரைவதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். உடைந்த சன்னல் வழியாகக் காற்று போகும்போது மெலிதாக ஒரு ஊதல். ரயில் கூவல் கதை எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம்.

சாப்பாடு அங்கேயே பந்தல் கடையில். பாறை மீனோ கணவாயோ, விலையை முதலில் கேட்டுவிட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள். கதை கேட்க வேண்டிய இடமும் இதுதான். ஆனால் எடுத்தவுடன் "இங்க பேய் இருக்கா?" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன். சங்கு மாலை கோத்துக்கொண்டிருந்த வயதான அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேயெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. எங்க ஆளுகதான் இங்கன கெடக்காக. அவுக எங்கள என்ன செய்யப் போறாக?" என்றார். அப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை. புயல் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள், தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். கடலுக்குச் சில அடி தூரத்தில் மணலைத் தோண்டி எடுக்கும் நல்ல தண்ணீர் ஊற்றைக் காட்டுவார்கள். அனுமதி கேட்காமல் ரெக்கார்ட் பண்ணாதீர்கள்.

மூன்று மணிக்கு மேல் அரிச்சல்முனை. கடல் அரித்துக்கொண்டே இருக்கும் முனை என்பது பேரிலேயே இருக்கிறது. நீரோட்டம் மோசம், குளிக்க இறங்கவேண்டாம். நாலரைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தால் போலீஸ் விசிலுக்கு முன் கிளம்பிவிடலாம்.

மூன்றாம் நாள் பேக்கரும்பு. ஊர்ப் பேரில் பேய் இருக்கிறதே என்று பையன்கள் குதிப்பார்கள். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு மாதிரி பேய்க்கரும்பும் தின்ன உதவாமல் தானாக முளைத்துக் கிடக்கும் செடிதான். அப்துல் கலாமின் நினைவிடம் அங்கே இருக்கிறது. தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப்போக அவர் அப்பா ஒரு படகு கட்டினார், அதையும் ஒரு புயல்தான் கொண்டுபோனது. இதை நோட்டின் முதல் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: மொட்டைமாடிக் கதை

இரண்டாம் நாள் இரவு அறைக்குத் திரும்பியபின், மாடியில் விளக்கை அணைத்துவிட்டு ஆளுக்கொரு கதை. நடுப்பக்கத்திலிருந்து மட்டும் எடுக்கலாம், சொல்கிறவர் யாரிடம் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 653 ரயிலை மட்டும் கதையாக்க வேண்டாம் என்பது எங்கள் வீட்டு விதி. இரண்டாவது பயணத்தில் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் முறை வந்தபோது, மே மாதம் ஒரு பையனை நடுப்பகலில் முனி அடித்த கதையை அவ்வளவு நிதானமாகச் சொன்னான். "யாருகிட்ட கேட்ட?" என்றேன். "எங்க மாமாவோட ஃபிரெண்டு" என்றான்.