வெயில் எட்டாத குளிர் அறைக்கு எந்தச் செடி? ஜோகன்னஸ்பர்க் வீடுகளுக்கு

வீட்டுக்குள் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் நேரே நர்சரிக்குப் போய்விடாதீர்கள். செடி வைக்கப் போகிற இடத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு எழுந்து பாருங்கள். எங்கள் வீட்டுத் தெற்கு அறையில் 9 டிகிரி காட்டியது. இந்த ஊர் வீடுகளில் பெரும்பாலும் சுவருக்குள் ஹீட்டிங் கிடையாது, படுக்கப் போகும்போது கேஸ் ஹீட்டரை அணைத்துவிடுகிறோம், அதனால் விடியும்போது அறைக்குள் இருக்கிற அந்தக் குளிரை எந்தச் செடி தாங்குமோ அதுதான் உங்களுக்கான செடி.

அடுத்தது திசை. இணையத்தில் செடிக் குறிப்பு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள், "தெற்கு ஜன்னலில் நல்ல வெயில் வரும்" என்று எழுதுவார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே 26 டிகிரியில். ஊரில் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்கிற மாதிரி இங்கே ஆனியில் வடக்கே சாய்ந்துவிடும். அதனால் வடக்கு ஜன்னலில் குளிர்காலம் முழுக்க நல்ல வெயில், தெற்கு ஜன்னலில் ஒரு பொட்டு வெயில்கூட இல்லை. குறிப்பில் தெற்கு என்று இருந்தால் வடக்கு என்று மாற்றிப் படியுங்கள். வெளிச்சம் போதுமா என்று பார்க்க, நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளுக்கு ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிகிற நிழல் விழுந்தால் பல செடிகள் வளரும், மங்கலாக ஒரு சாயல் மட்டும் விழுந்தால் கீழே சொல்கிற செடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி வேண்டாம்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. டர்பனில் அத்தை வீட்டு வராந்தாவில் மணி பிளான்ட் கூரை வரை ஏறியிருக்கும், அதில் நாலு கொடி வெட்டிக் கொண்டுவந்து தெற்குப் பக்கக் குளியலறை ஜன்னலில் வைத்தேன். ஜூலையில் ஒரு வாரக் குளிரில் இலைகள் ஈரத்தில் ஊறின மாதிரி கருப்பச்சையாகித் தொங்கின. வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன், அது வேரையும் அழுகவைத்துவிட்டது. கடற்கரை ஊரான டர்பனின் குளிர் வேறு, சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிற இந்த ஊரின் குளிர் வேறு. மணி பிளான்ட், அக்லோனிமா இரண்டும் இருட்டைத் தாங்கும், ஆனால் குளிரைத் தாங்காது. கடையில் குளிர் தாங்கும் செடி, தாங்காத செடி இரண்டையும் ஒரே தட்டில் "குறைந்த வெளிச்சச் செடி" என்று வைத்து விற்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறோம்.

சரி, எதை வாங்கலாம்? என்னைக் கேட்டால் முதலில் கிளைவியா. இந்த நாட்டுச் செடி, குவாசுலு-நட்டால், ஈஸ்டர்ன் கேப் மாகாணக் காடுகளில் மரத்தடி நிழலில் வளர்வது. ஜூலு மொழியில் உமாயிமே என்பார்கள். அதற்கு நிழல் பழக்கம், குளிர் தேவையும்கூட. மே முதல் ஜூலை வரை குளிர்ந்த அறையில், மிகக் குறைவான தண்ணீரில் விட்டால்தான் மொட்டுக் கட்டும். ஆகஸ்ட்டில் பட்டை பட்டையான இலைகளுக்கு நடுவே விரலால் விலக்கிப் பாருங்கள், வெளிர்பச்சையாகத் தட்டையாக ஒரு நுனி எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்த பிறகு தண்ணீரைக் கூட்டுங்கள். குளிர் போதாமல் சீக்கிரமே சூடான அறைக்கு மாற்றினால் தண்டு நீளாமல் பூ இலைகளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். விதையிலிருந்து பூக்க மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும் என்பதால், யாராவது தொட்டியைப் பிரிக்கும்போது பக்கக் கன்று கேட்டு வாங்குங்கள். காட்டிலிருந்து தோண்டி வந்ததைத் தெருவோரத்தில் விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள், மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே காட்டில் குறைந்துபோன செடி இது. வாயில் போட்டால் விஷம், குழந்தையும் நாயும் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

அதைவிட இருட்டான நடைக்கு, நீளமான கரும்பச்சை இலை விடுகிற ஆஸ்பிடிஸ்ட்ரா. வளர்ச்சி மிக மெதுவு, வருடத்துக்கு நாலைந்து இலை விட்டாலே பெரிது, ஆனால் குளிர், இருட்டு, மறதி எல்லாவற்றையும் தாங்கும். ஸ்பைடர் பிளான்டும் தென்னாப்பிரிக்கச் செடிதான், குளிரைப் பொறுத்துக்கொள்ளும், கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தால் குட்டிகளைத் தொங்கவிடும். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவான ஆஸ்பராகஸ் ஃபெர்ன் ஜன்னலை ஒட்டிய நிழலுக்கு நன்றாக இருக்கும், முள் இருக்கும், கவனம்.

மாமியார் நாக்கு என்கிற ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் செடி இரண்டும் இருட்டைத் தாங்கும், ஆனால் 10 டிகிரிக்குக் கீழே போகிற அறையில் வைக்காதீர்கள். கொஞ்சம் குளிரான அறை என்றால் மண் காய்ந்தே இருக்கட்டும். துளசியும் கறிவேப்பிலையும் இந்தப் பட்டியலிலேயே வராது, வடக்கு ஜன்னல் இருந்தால் அங்கே மட்டும் முயலுங்கள்.

இப்போது தண்ணீர், ஏனென்றால் குளிர் அறையில் செடி சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். வெளிச்சமும் சூடும் குறைந்தால் செடி தண்ணீர் உறிஞ்சுவதும் குறையும், மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், காற்றில்லாமல் வேர் அழுகும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். குழாய்த் தண்ணீர் ஜூலையில் பனிக்கட்டி மாதிரி வரும், முந்தின இரவே வாளியில் பிடித்து வைத்துவிட்டுக் காலையில் ஊற்றுங்கள், தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். வெறும் தோட்டமண் போடாதீர்கள், மரப்பட்டைத் தூளும் பெர்லைட் என்கிற எடை குறைந்த வெள்ளைப் பொடிக்கல்லும் கலந்தால் தண்ணீர் நிற்காது. மே முதல் ஆகஸ்ட் வரை உரம் தேவையே இல்லை.

அப்புறம் இரண்டு விஷயம். இரவில் திரைச்சீலை போடும்போது தொட்டி கண்ணாடிக்கும் சீலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அறையின் சூடு அதற்குக் கிடைக்காது, இந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள், ஆனால் ஹீட்டருக்கு எதிரே மட்டும் வேண்டாம். இங்கே குளிர்காலத்தில் மழை இல்லாமல் புழுதி பறக்கும், அது இலையில் படிந்தால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். துடைக்கும்போது இலையின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள், மாவுப்பூச்சி இருந்தால் பஞ்சு மாதிரி வெள்ளையாக அங்கேதான் ஒட்டியிருக்கும்.